மகன் வீட்டுக்குத் தலைகாட்டாத நாள்

நான் இறங்கிக்கொண்டிருந்தேன். ராமையா அண்ணன் ஏறிக்கொண்டிருந்தார்.

சென்னை விமான நிலையத்தை ஒட்டிய மெட்ரோ ரயில் நிலையம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நகரும் படிக்கட்டுகள். கீழே வருகிறதில் நான், தோளில் துணிப்பை, காலில் புதுச் செருப்பு. மேலே போகிறதில் அவர், மகனைச் சிங்கப்பூருக்கு விமானம் ஏற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிற தகப்பனின் முகத்தோடு.

காரைக்குடியில் அவர் எங்களுக்கு எதிர்வீடு. நான் கோலம் போடுகிற நேரத்தில் அவர் வாசலில் நின்று பல் துலக்குவார். வருஷக்கணக்காகப் பார்த்த அந்த முகம், மெட்ராஸில், என் தோளுக்குப் பக்கத்தில் மிதந்து மேலே போகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

"ஏத்தா வள்ளிக்கண்ணு! இங்குட்டு என்ன பண்றீக?"

"சும்மாண்ணே!"

"சும்மாவா? கூட ஆரு வந்திருக்கா?"

"ஆரும் வரல. நான் மட்டுந்தான்."

"கார்த்தி எங்க?" என் மகனைத்தான் கேட்டார்.

"அவனுக்குத் தெரியாதுண்ணே!"

அதற்குள் அவர் தலைக்கு மேலே போய்விட்டார், நான் கீழே வந்துவிட்டேன். மனுஷருக்கு மனசு கேட்கவில்லை. திரும்பி, மேலே போகிற படிக்கட்டிலேயே கீழே இறங்கப் பார்த்தார். அவர் இறங்க இறங்கப் படிக்கட்டு அவரை ஏற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் பெட்டியோடு நின்ற ஒருவர், "யோவ், மேல போய்யா!" என்று கத்தினார்.

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பைத்தான் பிற்பாடு எங்கள் வீட்டில் பெரிய குற்றமாகப் பேசினார்கள். நீங்களே சொல்லுங்கள், சிரிக்காமல் என்ன செய்வது?

சுற்றுகிறேன் அம்மா

இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகி, 'உங்கள் கணவர் காலமான பிறகு பொழுது எப்படிப் போகிறது?' என்று கேட்டு எழுதியிருந்தார். அமராவதிபுதூரில் பிறந்த கதையை எழுதினேன், தாலுகா அலுவலகத்தில் தட்டச்சு அடித்த கதையை எழுதினேன், அதெல்லாம் விட்டுவிட்டு இதைக் கேட்கிறார். வருத்தப்பட்டுத்தான் கேட்டிருக்கிறார், தெரிகிறது.

சுற்றுகிறேன் அம்மா. பொழுது நன்றாகவே போகிறது.

முதல் சுற்று இதுதான். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், காரணம் எதுவும் இல்லாமல், மெட்ராஸைத் தனியாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. டிக்கெட் எடுத்தேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். எங்கள் பக்கம் வாசல் இறங்குகிறவரை 'எங்கே போறீக?' என்று கேட்க மாட்டார்கள், போகிற காரியம் விளங்காது என்பார்கள். அதனால் 'தூரமா?' என்றுதான் கேட்பார்கள். பக்கத்து வீட்டிலும் அப்படித்தான் கேட்டார்கள். "ஆமா, தூரந்தான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

விடிகாலை எழும்பூரில் இறங்கினேன். காத்திருப்பு அறையில் முகம் கழுவிச் சேலையை மாற்றினேன். வெளியே வந்து நின்றதும் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. நின்றேன். ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டார்கள், போர்ட்டர்கள் இடித்துக்கொண்டு போனார்கள், எங்கேயோ வடை வேகிற வாசனை வந்தது. யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை, நானும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அந்தச் சுகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தவர் பேரில் போன ஊர்

அதற்கு முன்னால் நான் மெட்ராஸைப் பார்த்ததே இல்லையா என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறேன். நன்றாகப் பார்த்தேன், ஆட்டோவின் ஓரத்து இடுக்கு வழியாக.

நாத்தனார் மகளுக்குப் பிரசவம் என்று போனேன். கார்த்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று போனேன். வீட்டுக்காரருக்கு இருதயத்தில் அடைப்பு என்று ஆஸ்பத்திரிக்குப் போய், வராந்தாவில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்தேன். பேரன் பிறந்தபோது போய், அடுப்படியை விட்டு வெளியே வராமல் பத்தியச் சாப்பாடு ஆக்கினேன். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் பேரில் போனேன். என் பேரில் ஒரு தடவைகூடப் போனதில்லை.

கல்யாணமான புதிதில் போனதுதான் கொடுமை. உறவுக்காரர் கல்யாணம், பெரிய கும்பலாகக் கிளம்பினோம். மண்டபத்துக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. 'அதுக்குள்ள பீச்சப் பாத்துட்டு வந்திருவோம்' என்று எல்லோரும் புறப்பட்டார்கள். சாமானை யார் பார்த்துக்கொள்வது? எல்லோர் பார்வையும் சொல்லிவைத்த மாதிரி என் மேல் விழுந்தது. புது மருமகள், வாய் பேசாது, சொன்ன இடத்தில் உட்காரும்.

"வள்ளிக்கண்ணு ஒண்ணும் நெனைக்காது" என்றார் மாமியார்.

உட்கார்ந்தேன். பெட்டிகளுக்கு நடுவில், எழும்பூர் நடைமேடையில், நெத்தியில் வேர்வையோடு உட்கார்ந்தேன். அவர்கள் சுண்டல் வாசனையோடும் சேலையில் மணலோடும் திரும்பி வந்து, அலை எவ்வளவு உயரம் என்று மாறி மாறிச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நிறைய நினைத்தேன். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இந்தத் தடவை நீ நேராகக் கடற்கரைக்குத்தானே ஓடியிருப்பாய் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. போகவில்லை. கணக்குத் தீர்க்கப் போனவள் இல்லை நான். அன்றைக்கு எனக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் செய்யப் போனவள்.

பித்தான் விற்கிற தெரு

தோன்றியது என்ன? பாரிமுனை. எழும்பூரில் இட்லியைத் தின்றுவிட்டுப் பேருந்து ஏறி அங்கே போய் இறங்கினேன்.

அந்தப் பகுதியில் சந்துக்கு ஒரு சரக்கு. ஒன்றில் நுழைந்தால் இரண்டு பக்கமும் பூட்டு. இன்னொன்றில் முழுக்கக் காகிதம், கல்யாணப் பத்திரிகை வாசனை. இன்னொன்றில் பித்தான், ஜரிகை, நாடா. பித்தானுக்கென்று இவ்வளவு கடைகள் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். சோற்றுப் பானை மாதிரி எவர்சில்வர் டப்பாக்களில் அளந்து கொட்டி வைத்திருக்கிறார்கள்.

ஒரு கடையில் கையை விட்டு அளைந்துகொண்டே நின்றேன். கடைக்காரர், "எந்தத் துணிக்கும்மா?" என்றார்.

"துணி இல்ல. பாக்கத்தான்."

"பாருங்க பாருங்க. பாக்குறதுக்குத்தான பரப்பி வெச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எங்கள் ஊரில் ஒரு கடையில் இப்படி நின்றிருந்தால் மத்தியானத்துக்குள் என் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டு நாலு பேர் வந்திருப்பார்கள்.

நடந்தேன். கால் போன இடத்தில் திரும்பினேன். வெயில் உறைத்தபோது நிழலில் நின்றேன். கரும்புச்சாறு குடித்தேன். யாராவது கூட வந்திருந்தால் 'ஐஸ் போடாதீக, தொண்டை கட்டும்' என்றிருப்பார்கள். நிறைய ஐஸ் போடச் சொல்லிக் குடித்தேன்.

அப்புறம்தான் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே மெட்ரோ நிலையத்துக்குள் இறங்கினேன். சுவரில் ரயில் போகிற பாதையை வரைந்து வைத்திருந்தார்கள். கோட்டின் ஒரு முனையில் விமான நிலையம். நான் விமானத்தில் ஏறியதில்லை. கிட்டத்தில் பார்த்ததும் இல்லை. சரி, அந்த முனை வரை போய்ப் பார்ப்போமே என்று ஏறி உட்கார்ந்தேன். பூமிக்கு அடியிலேயே ஓடிய ரயில் சைதாப்பேட்டை தாண்டி வெளிச்சத்துக்கு வந்தது. மாடி வீடுகளின் மொட்டை மாடிகள், காய்கிற துணிகள், வத்தல் பிழிகிற ஒரு பெண், எல்லாம் சன்னலுக்கு நேரே வந்தன. சிறுபிள்ளை மாதிரி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டுதான் பார்த்தேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

அந்த ரயிலிலிருந்து இறங்கி, படிக்கட்டில் கீழே வந்தபோதுதான் ராமையா அண்ணன் மேலே போனார்.

தலையைக் காட்டுவது

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்த கூத்து வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது.

எங்கள் பக்கத்தில் சொந்தம் இருக்கிற ஊருக்கு ஒருவர் போனால் அந்த வீட்டில் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும். ஒரு வாய்த் தண்ணீராவது குடித்துவிட்டு வர வேண்டும். காட்டாமல் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம், பேச்சுவார்த்தை இல்லை. குன்றக்குடிக்குக் காவடி எடுத்துப் போனவர், மலையடிவாரத்தில் இருந்த அத்தை வீட்டுக்குள் நுழையாமல் பஸ் ஏறிவிட்டார் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணப் பேச்சே நின்றிருக்கிறது. அவருக்குக் காலில் கொப்புளம், நடக்க முடியவில்லை. அதை யார் நம்பினார்கள்?

என் மகன் கார்த்தி அம்பத்தூரில் இருக்கிறான். மருமகள் சுகன்யா தேவகோட்டைப் பெண், வேலைக்குப் போகிறவள். மகன் வீடு இருக்கிற ஊரில், மகனுக்குத் தெரியாமல், தோளில் பையோடு, விமான நிலையத்தில் ஒரு மாமியார். என் கூடப் பிறந்த தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள் என்பது ஊரறிந்த விஷயம். ராமையா அண்ணன் எல்லாவற்றையும் கூட்டினார். மருமகளோடு சண்டை, கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு விமானம் ஏறுகிறாள். சிரித்ததுகூட மனசு வெறுத்துப்போன சிரிப்பு என்று முடிவு கட்டிவிட்டார்.

வெளியே வந்து வேலியோரம் நின்று, தலைக்கு மேல் வயிற்றைக் காட்டிக்கொண்டு போன ஒரு விமானத்தை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சொக்கலிங்கம், என் கொழுந்தன், வீட்டுக்காரரின் தம்பி.

"மதினி, பிளேன் ஏறிட்டீகளா?"

"எந்தப் பிளேன்?"

"மறைக்காதீக மதினி. ராமையாண்ணன் எல்லாஞ் சொல்லிட்டாக. சுகன்யா என்ன சொல்லுச்சு? எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்குவோம். இப்பிடி நாடு விட்டு நாடு போறதெல்லாம் நல்லாவா இருக்கு?"

"தம்பி, எங்கிட்ட பாஸ்போர்ட்டே இல்ல."

"அப்ப எதுக்கு அங்குட்டுப் போனீக?"

"ஊரைச் சுத்திப் பாக்க வந்தேன். பாக்குறேன்."

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, ஒரு வழி சொன்னார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. திருவல்லிக்கேணில ஒரு வேண்டுதல்னு சொல்லிருங்க. வீட்டு ஆளுகளுக்குத் தெரியாமச் செய்யணும்னு வேண்டுதல். ஆரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாக."

"செய்யாத வேண்டுதலச் செஞ்சேன்னு சொல்லணுமாக்கும்?"

"சாமி கோவிச்சுக்காது மதினி."

"சாமி கோவிச்சுக்காது. எனக்குத்தான் கோவம் வருது" என்று வைத்துவிட்டேன்.

சாமி எனக்கு வேண்டும். திருக்கோஷ்டியூர்ப் பெருமாளுக்கு மாசிமாசம் விளக்குப் போடாமல் நான் இருந்ததில்லை. ஆனால் நான் வெளியே போவதற்குப் பெருமாள் ஏன் ஜாமீன் நிற்க வேண்டும்?

அடுத்தது கார்த்தி. "அம்மா, அங்கயே இரு. எங்கயும் நகராத. ஆபீஸ்ல சொல்லிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்."

'அங்கயே இரு, எங்கயும் நகராத.' குன்றக்குடித் திருவிழாக் கூட்டத்தில், அவன் டவுசர் போட்ட வயதில், நான் அவனுக்குச் சொன்ன வார்த்தை அது. ஒரு எழுத்து மாறாமல் எனக்கே திருப்பிச் சொல்கிறான்.

"நீ வந்தேன்னா நான் இங்க இருக்க மாட்டேன்" என்றேன்.

ஒரு போட்டோ போதும் அத்தை

மூன்றாவது போன்தான் என்னை உலுக்கியது. சுகன்யா.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. குரல் வறண்டு கிடந்தது. "அத்தை, நான் என்ன செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யலத்தா."

"நான் உங்களைத் துரத்திட்டேனாம். தேவகோட்டைல எங்கம்மாவுக்கு வரிசையா போன் வருதாம். 'என்னடி பண்ணித் தொலைச்ச'ன்னு அம்மா என்னைக் கேக்குறாங்க. நான் ஆபீஸ் மாடிப்படில நின்னு பேசிட்டிருக்கேன்."

நல்ல பெண். பேரன் பிறந்த வீட்டில் நான் ஆக்கிய பத்தியச் சாப்பாட்டை முகம் சுளிக்காமல் தின்றவள். நான் விமானம் பார்த்ததற்கு அவள் பெயர் சந்தி சிரிக்கிறது.

"ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்துட்டுப் போங்க அத்தை. நான் பர்மிஷன் போட்டுட்டு வர்றேன். சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்ல போட்டுர்றேன். ஒரு போட்டோ போதும் அத்தை. எல்லாரும் வாயை மூடிருவாங்க."

நியாயமான பேச்சு. அதுதான் கஷ்டம். கொழுந்தன் சொன்னால் சண்டை போடலாம், மகன் சொன்னால் அதட்டலாம். இவளிடம் என்ன சொல்வது? அம்பத்தூருக்குப் போய்த் திரும்பினால் என் நாள் முடிந்தது. போகாவிட்டால் ஒரு குற்றமும் செய்யாத பெண் தலையில் பழி.

அந்த வேலியோரத்திலேயே நின்று யோசித்தேன். இன்றைக்கு ஒரு போட்டோவுக்காகப் போனால், நாளைக்கு நான் எங்கே போனாலும் ஒரு போட்டோ காட்ட வேண்டும். அவளும் காட்ட வேண்டும். 'நாங்கள் சண்டை போடவில்லை' என்று மாமியாரும் மருமகளும் ஆயுசு முழுக்க ஊருக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவள் பெயரையும் காப்பாற்ற வேண்டும், என் நாளையும் விடக்கூடாது. ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டும் என்று எவன் சொன்னது?

"போட்டோ வேணாம். கொஞ்சம் பொறு" என்றேன்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு சொக்கலிங்கம் ஆரம்பித்தது. தினமும் காலையில் ரோஜாப்பூப் படத்தோடு வணக்கம் போடுவார். தேவகோட்டைச் சம்பந்திகளும் அதில் உண்டு. அதைத் திறந்து, குரல் பதிகிற பொத்தானை அழுத்தினேன். நான் பேசியது இதுதான், என் போனில் இன்னும் இருக்கிறது:

"நான் வள்ளிக்கண்ணு பேசுறேன். மெட்ராஸ்ல இருக்கேன். தனியா இருக்கேன், நல்லா இருக்கேன். பிளேன் ஏறல, பாத்தேன். என் மருமக சுகன்யா தங்கமான புள்ள, அது கூட எனக்கு ஒரு சண்டையும் இல்ல. அது வீட்டுக்கு நான் இன்னைக்குப் போகல. ஏன்னா நான் மகன் வீட்டுக்கு வரல, ஊரப் பாக்க வந்தேன். கோயில் வேண்டுதல் இல்ல, ஆஸ்பத்திரி இல்ல, விசேசம் இல்ல. எனக்குப் போகணும்னு ஆசையா இருந்துச்சு, வந்தேன். இதுக்கு மேல எவராச்சும் வேற காரணம் சொன்னா அது அவக சொந்தச் சரக்கு. ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் இருக்கு. அது வரைக்கும் போன அணைச்சு வைக்கிறேன்."

அணைத்தேன். பைக்குள் அடியில் போட்டேன்.

மீதிப் பொழுது

திரும்பி நகரத்துக்குள் வந்து, ஒரு ஓட்டலில் நாலு பேர் மேஜையில் தனியாக உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர், "மத்தவங்க வந்ததும் இலை போடலாமாம்மா?" என்றார்.

"மத்தவக இல்ல. போடுங்க."

நிதானமாகச் சாப்பிட்டேன். வத்தக்குழம்பை இரண்டாம் தடவை கேட்டேன். பாயசத்தை அப்பளத்தோடு நொறுக்கித் தின்றேன். வீட்டில் நான் சாப்பிடும்போது ஒரு கண் எப்போதும் மற்றவர்கள் இலையில் இருக்கும். அன்றைக்கு இரண்டு கண்ணும் என் இலையிலேயே இருந்தன.

வெளியே வந்தால் ஒரு பேருந்து நின்றது. 'மகளிருக்குக் கட்டணமில்லை' என்று எழுதியிருந்தது. அரசாங்கமே போ என்கிறது, கொழுந்தனுக்கு என்ன வந்தது? ஏறினேன்.

"எங்கம்மா?" என்றார் நடத்துநர்.

"கடைசி ஸ்டாப்."

"கடைசி ஸ்டாப் எதுன்னு தெரியுமா?"

"தெரியாது. போனா தெரியுமில்ல?"

மனுஷர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கடைசியில் பணிமனை வந்தது, எல்லோரும் இறங்கினார்கள், நான் சன்னலோரம் உட்கார்ந்தே இருந்தேன். அவர் பக்கத்தில் வந்து, மெதுவாக, "வீட்டு அட்ரஸ் ஞாபகம் இருக்காம்மா? பையன் போன் நம்பர் ஏதாவது எழுதி வெச்சிருக்கீங்களா?" என்றார்.

வழி தவறிய கிழவி என்று நினைத்துவிட்டார்! எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. தாலுகா அலுவலகத்தில் வருஷக்கணக்காக ஒற்றைப் பிழை இல்லாமல் தட்டச்சு அடித்த மூளை இது.

"அட்ரஸ் ஞாபகம் இருக்குங்க. நீங்க மறுபடி கெளம்புற வரைக்கும் உக்காந்திருக்கேன்" என்றேன். அப்புறம் அவரே டீ வாங்கும்போது எனக்கும் ஒன்று சேர்த்து வாங்கி வந்தார். நல்ல மனுஷர். பணிமனைச் சுவரோரம் வேப்பம்பூ கொட்டிக் கிடந்தது. மாலை வெயிலில் அதே பேருந்தில், அதே சன்னலோரம், வந்த வழியே திரும்பினேன். அந்தப் பகுதியின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அது எனக்கு மட்டும்.

ஒரு வார்த்தை சொல்லுங்க

ஊருக்கு வந்த மறுநாள் சொக்கலிங்கம் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன். குடிக்காமல் வைத்திருந்தார்.

"இனிமே இப்பிடிப் போக மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மதினி. நான் எல்லாரையும் சமாளிச்சுக்கிறேன்."

"சொல்ல மாட்டேன்."

"ஒங்களுக்கு ஒண்ணு ஆகிருந்தா? ஊரு எங்களத்தானே கேக்கும்?"

"கேட்டா என் நம்பரக் குடுங்க. நான் பேசிக்கிறேன்."

அவர் முகம் சிவந்தது. "அண்ணன் இருந்தா விட்டிருப்பாகளா?"

அந்த இடத்தில் கொஞ்சம் வலித்தது. சுவரில் மாலையோடு இருந்த படத்தைப் பார்த்தேன். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்றைக்கும் சாயங்காலம் ஆனால் தேடும். அது வேறு, இது வேறு.

"விட்டிருக்க மாட்டாக" என்றேன். "அதனாலதான் அப்பப் போகல. இப்பப் போறேன். காபி ஆறுது, குடிங்க தம்பி."

குடித்தார். டம்ளரை வைத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து குழுவில் ரோஜாப்பூ வழக்கம்போல வந்தது.

நானும் வரட்டா?

சொக்கலிங்கம் வந்துபோன அன்று சாயங்காலம் சுகன்யா கூப்பிட்டாள். தேவகோட்டையில் அடங்கிவிட்டதாம், அவள் அம்மா என் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாராம். 'தங்கமான புள்ள' என்கிற இடத்தை மட்டும் இரண்டு பேருக்குப் போட்டுக் காட்டினாராம்.

"ஆனாலும் நீங்க வந்திருக்கலாம் அத்தை. எனக்குக் கோவம்தான்."

"வந்திருக்கலாம். வரல. கோவம் இருந்தா இருக்கட்டும்."

பிறகு குரல் மாறியது. "அடுத்த தடவை வரும்போது சொல்லுங்க. நானும் லீவு போடுறேன். ரெண்டு பேரும் சேர்ந்து சுத்தலாம்."

சரி என்கிற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எந்த மாமியாருக்கு இப்படிக் கேட்கிற மருமகள் கிடைப்பாள்? ஆனாலும் சொன்னேன்.

"வேணாம்."

சொல்லிவிட்டு நானே கேட்டேன்.

"சுகன்யா, நீ கடைசியா எப்பத் தனியா வெளிய போன?"

"தெனமும்தான் போறேனே, ஆபீசுக்கு."

"ஆபீஸ் கணக்கில்ல."

"போன மாசம் புள்ளைக்குத் தடுப்பூசி..."

"அதும் கணக்கில்ல."

நெடுநேரம் யோசித்தாள். போன் கட்டாகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். "ஞாபகமே இல்ல அத்தை" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அம்பத்தூரில் இருந்தேன். இந்தத் தடவை முறையாகத் தலையைக் காட்டினேன், தண்ணீரும் குடித்தேன். பேரனை இடுப்பில் வாங்கிக்கொண்டு, "கெளம்பு" என்றேன்.

சுகன்யா கைப்பையோடு வாசலில் நின்று, பால் எங்கே, மாற்றுத்துணி எங்கே என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கார்த்தி பனியனோடு பின்னாலேயே வந்தான். "எங்க போற? யார் கூட? எப்ப வருவ?" அவள் என்னைப் பார்த்தாள். நான் பேரனைப் பார்த்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டாள்.

பால்கனிக்கு ஓடினோம். கீழே தெருமுனை வரை போய் நின்றாள். வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள். எந்தப் பக்கம் போவது என்று நிஜமாகவே தெரியாமல் நின்றாள். பிறகு முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு இடது பக்கம் திரும்பி வேகமாக நடந்தாள்.

மெட்ராஸ் பேச்சில் ஊறிப்போன என் மகனுக்குப் பதற்றத்தில் எங்கள் ஊர் வாய் திரும்பி வந்துவிட்டது. "ஏம்மா, பஸ் ஸ்டாண்டு இங்குட்டுல்ல இருக்கு! அவ எதுக்கு அங்குட்டுப் போறா?"

போனை எடுத்து அவள் நம்பரைத் தேடினான்.

"கீழ வைடா" என்றேன்.